வெயில் கணக்கு

பிடோக்
9 ஜூன் 2025, திங்கள்

தங்கச்சி முனீராவுக்கு,

பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். அப்படியாவது என் கோபம் தாளில் இறங்காமல் இருக்கட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வரவில்லை. நெய்ச்சோறும் தால்ச்சாவும் உன் பங்குக்கும் சேர்த்துத்தான் ஆக்கினேன். உன் மச்சான் மூன்று தடவை வாசலுக்குப் போய் லிஃப்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. எம்ஆர்டி ரயிலில் ஏறினால் மூன்றாவது நிலையம் தெம்பனிஸ். அந்தத் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுகிறேன்.

போன மாதம் உன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மறுநாள், மாப்பிள்ளை அர்ஃபானும் நர்சும் கேட்டுக்கொண்டிருக்க, நீ என்னிடம் சொன்னாய்: "லாத்தா, நீங்க எழுதினது பூரா பொய்க் கணக்கு." நான் எதுவும் பேசாமல் வந்துவிட்டேன். பேசாததால் ஒப்புக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே.

பள்ளிக்கூடம் நான் ஆறாம் வகுப்போடு சரி. மீதியெல்லாம் அகராதி வைத்து நானாகப் படித்தது. ஆனால் கணக்கு என்றால் கணக்குதான். விட்டுப்போன தொழுகைக்கு ஒரு நோட்டு, நோன்புக்கு ஒன்று, உன் மச்சானின் சுகர் மாத்திரைக்கு ஒன்று. எதிலும் ஒரு வரி கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை.

நீ கேட்ட அந்த வெயில் நோட்டைச் சனிக்கிழமை பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்தேன். 1991 பிப்ரவரி 4 முதல் அக்டோபர் 16 வரை. பாலிகிளினிக் டாக்டர் உன் கால்வலிக்குச் சொன்னபடி, தினம் காலை 9.10 முதல் 9.30 வரை வெயில். உனக்கு அப்போது எட்டு வயது, மதியப் பள்ளி. மழையும் மூட்டமுமாக நாற்பத்தொரு நாள். அவற்றுக்கு நேராக "இல்லை" என்று எழுதியிருக்கிறேன். மிச்சம் இருநூற்றுப் பதினான்கு நாள் வெயில். ஒவ்வொன்றையும் விரல் வைத்து எண்ணினேன். கடைசி நாள் உம்மா மவுத்தான நாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

நோட்டு என்னிடமே இருக்கட்டும். நீ சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் தருகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. இருட்டான தட்டில் இத்தனை வருஷம் கிடந்த நோட்டு. கையில் எடுத்தபோது அட்டை சூடாக இருந்தது, கொடியிலிருந்து அப்போதுதான் எடுத்த துணி மாதிரி.

உன் நெஞ்சுக்கு ஷிஃபா கேட்டு ஓதிக்கொண்டிருக்கும்,
ருக்கையா லாத்தா


தெம்பனிஸ்
12 ஜூன் 2025

லாத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

ஆஸ்பத்திரியில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது வேறு, நான் கேட்ட கேள்வி வேறு. கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நீங்கள் எனக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்த அந்த வருஷம், பள்ளியில் ஓர் ஆய்வுக்காக எங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் இரத்தம் எடுத்தார்களே, நான் கத்தி ஊரைக் கூட்டினேனே, நினைவிருக்கிறதா? அந்த இரத்தத்தைக் கொட்டவில்லையாம். உறைய வைத்து முப்பத்து நான்கு வருஷமாக வைத்திருக்கிறார்கள். இப்போது எடுத்து வைட்டமின் டி அளவு பார்த்தார்கள். நான் வளர்ந்தேன், கல்யாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். அந்தக் குப்பிக்குள் எனக்கு இன்னும் எட்டு வயது.

அளவு பதினொன்று. இருபதுக்கு மேல் வேண்டுமாம். சின்ன வயதில் இது குறைவாக இருந்தவர்களில், பிற்காலத்தில் இரத்தக்குழாய் தடித்தவர்கள் கூடுதலாகத் தெரிகிறார்களாம். இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். உம்மாவின் சுகர், என் ஆபீஸ் நாற்காலி, என் எடை எல்லாமும் கூட்டுச் சேர்ந்திருக்கும். உங்கள் மேல் கேஸ் போட நான் கேட்கவில்லை, லாத்தா.

என் பிள்ளை ஹனீனுக்காகக் கேட்கிறேன். அவளுக்கும் எட்டு வயதாகிவிட்டது. என் கதையைக் கேட்டு டாக்டர் அவளுக்கும் இரத்தம் பார்க்கச் சொன்னார். பதினொன்று. அதே பதினொன்று. வாரம் இரண்டு நாள் நீச்சல், சாயங்காலம் கீழே சைக்கிள் என்று அலைகிற பிள்ளை. டாக்டரே இரண்டு தடவை தாளைப் பார்த்தார். சொட்டு மருந்து தந்திருக்கிறார்.

இன்னொன்று. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஜூன் 2, லீவு தொடங்கிய திங்கட்கிழமை. நான் மெடிக்கல் லீவில் சோபாவில் கிடந்தேன். ஹனீன் டிவியை அணைத்துவிட்டு வந்து ஹாலின் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு சதுர வெயில். மணி 9.10. என் ஹாலுக்குக் காலை வெயில் கிடையாது, உங்களுக்கே தெரியும். எதிர் புளோக் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறதோ என்று பார்த்தேன். பெயிண்ட் அடிக்க அந்தப் புளோக்கைப் பச்சை வலையால் மூடி ஒரு மாதமாகிறது.

தினமும் நடக்கிறது. நேற்று, "எழுந்திரு, சாப்பிடலாம்" என்றேன். திரும்பாமலே சொன்னாள்: "நாட் யெட் லா, மம்மி. அந்த லாத்தா இன்னும் முடிக்கல. நான் சும்மா கம்பெனி குடுக்கறேன்."

"எந்த லாத்தா?"

"இங்க உக்காந்திருக்கால்ல."

நோட்டைத் தராவிட்டால் போகட்டும். எனக்கு எங்கே வெயில் காட்டினீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

முனீரா


பிடோக்
14 ஜூன் 2025, சனி

முனீராம்மா,

உன் கடிதம் முற்பகல் லுஹா தொழுகை முடித்து எழுந்தபோது கிடைத்தது. முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆயத்துல் குர்ஸி ஓதிப் பிள்ளையின் மேல் ஊது. அது எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாம் என்று ஹனீனிடம் சொல். அந்த வெயிலில் நீ காலை வைக்காதே. அதில் கம்பி நிழல் விழுகிறதா? விழுந்தால் எத்தனை கம்பி என்று எண்ணி எழுது.

இப்போது என் பங்கு. நோட்டில் அக்டோபர் 16க்குப் பிறகு வெற்றுத்தாள் என்று நினைத்து அன்றைக்கு நான் திருப்பவில்லை. உன் கடிதம் படித்த பிறகு திருப்பினேன்.

2.6.2025. 9.10 முதல் 9.30. வெயில்.
3.6.2025. 9.10 முதல் 9.30. வெயில்.

இப்படி நேற்று வரை பன்னிரண்டு வரி. கையெழுத்து என்னுடையது. ஆனால் இப்போதைய என் கை இல்லை. இளம் வயதில் ஏழின் நடுவில் ஒரு கோடு போடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு அதை விட்டுவிட்டேன். இந்த வரிகளில் 7.6.2025க்குக் கோடு போட்டிருக்கிறது. எழுதியவள் 1991இன் ருக்கையா, அவளுக்கு இருபத்தொரு வயது.

உன் மச்சானிடம் காட்டினேன். தேக்கா மார்க்கெட் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "நீயே எழுதிட்டு மறந்திருப்பே. ஊர்ல இருக்கிறதெல்லாம் கணக்கு எழுதுறவளுக்கு இது எம்மாத்திரம்? எனக்குச் சுகர், உனக்கு நோட்டு" என்றார். சிரித்துக்கொண்டுதான் போனார். ஆனால் அந்தப் பக்கத்தை அவர் தொடவில்லை, கவனித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். கீழே திடலுக்கு உன்னைக் கூட்டிப் போகவில்லை. வாப்பா போய் இரண்டு வருஷம். உம்மா படுக்கையில். தனியாக விட்டு ஒன்பது மாடி எப்படி இறங்குவேன்? நம் ஹால் ஜன்னலில் காலை வெயில் கொட்டும். அதன் முன்னால் உன்னை உட்கார வைத்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனால் வெயில் வெயில்தானே? உன் முழங்கால் சூடேறும், தொட்டுப் பார்த்திருக்கிறேன். "புள்ள வெயில்ல நின்னுச்சா?" என்று உம்மா உள்ளிருந்து கேட்பார்கள். "நின்னுச்சு உம்மா" என்பேன். நின்றாய் என்பதுதான் பொய். உட்கார்ந்தாய்.

இதில் என்ன பொய்க் கணக்கு?

ருக்கையா


தெம்பனிஸ்
17 ஜூன் 2025

லாத்தா,

ஐந்து கம்பி. என் வீட்டு ஜன்னலில் கிரில்லே கிடையாது. நாம் வளர்ந்த பிடோக் வீட்டில் ஐந்து, எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாவது கம்பி கொஞ்சம் வளைந்திருக்கும். இங்கேயும் மூன்றாவது நிழல் வளைந்திருக்கிறது.

நேற்று செக்கப் போனபோது டாக்டரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். வெளிச்சமும் சூடும் கண்ணாடி வழியாக வந்துவிடுமாம். தோலுக்குள் வைட்டமினை உண்டாக்குகிற கதிர் மட்டும் வராதாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுமாம்.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருநூற்றுப் பதினான்கு நாள். ஒரு நிமிடம் கூட நீங்கள் ஏமாற்றவில்லை. ஒரு நாள் கூட எனக்கு எதுவும் வந்து சேரவில்லை. அந்தக் குப்பியும் பொய் சொல்லவில்லை, உங்கள் நோட்டும் பொய் சொல்லவில்லை.

ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. உம்மாவைத் தனியாக விட முடியாது, சரி. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கலாமே? அந்தப் புழுக்கத்தில் ஏன் சாத்தி வைத்தீர்கள்? ஒவ்வொரு நாளும்?

சீக்கிரம் பதில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வெயில் இருபது நிமிடத்தில் போவதில்லை. முதல் நாள் நாற்பது, நேற்று ஒரு மணி நேரத்துக்கு மேல். ஹனீன் அசைவதில்லை. கண் சிமிட்டுகிறாளா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று அர்ஃபான் அவளை அப்படியே தூக்கினார். பாவாடை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது போல் இருந்தது. உதடு வெளுத்திருந்தது. "ஏன்மா எழுந்திரிக்க மாட்டேங்கிறே?" என்று கேட்டதற்கு, "யாரும் போதும்னு சொல்லலியே" என்றாளாம். அர்ஃபான் அதற்கப்புறம் ஆபீஸ் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஹனீனைக் கூட்டிக்கொண்டு அவருடைய லாத்தா ஆஸ்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார். ஆனால் நேற்றுச் சாயங்காலம் ஆஸ்மா மைனியிடம் அரைமணி நேரம் விட்டுவிட்டு வந்தபோது, அங்கேயும் கிழக்கு எது என்று தேடிக்கொண்டிருந்தாளாம்.

உம்மா மவுத்தான அன்று எனக்கு என்ன நடந்தது? எனக்கு எதுவுமே நினைவில்லை. இருட்டுகிற நேரத்தில் யாரோ என்னைத் தூக்கினார்கள், அவ்வளவுதான். நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். என் மகள் சில்லிட்டுக்கொண்டே போகிறாள், லாத்தா.

முனீரா


பிடோக்
19 ஜூன் 2025, வியாழன்

முனீரா,

நேற்று முழுக்க எழுதி எழுதிக் கிழித்தேன். இது நான்காவது தாள்.

நோட்டில் ஞாயிற்றுக்கிழமை முதல் உள்ள வரிகளில் முடிவு நேரம் இல்லை. "9.10 முதல்" என்று இருக்கிறது. அதற்கு மேல் காலி. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜன்னலை ஏன் சாத்தினேன் என்றாய். உம்மாவுக்குக் காற்று ஆகாது என்று உன் மச்சானிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அது இல்லை. 1990 கடைசியில் என்னைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. நான்தான் சர்பத் கொண்டுபோய் வைத்தேன். படியிறங்கும்போது அந்த அம்மா சொன்னது மூங்கில் கழியில் துணி மாட்டிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. "பொண்ணு நல்ல பொண்ணுதான். வெயில்ல போட்டு எடுத்த மாதிரி இருக்கே." மார்க்கெட்டுக்கும் துணி காயப்போடவும் அலைந்த தோல் அது, முனீரா. பிறகு இரண்டு இடம் அப்படியே தட்டிப்போனது. உன் மச்சான் வந்து கேட்டபோது எனக்கு இருபத்தைந்து.

நீ உம்மா நிறம். உன்னை யாரும் படியிறங்கும்போது அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். டாக்டர் வெயில் என்றார், மறுக்க முடியாது. கண்ணாடி வடிகட்டி மாதிரி, கறுப்பை நிறுத்திக்கொண்டு சத்தை விட்டுவிடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் திறக்கச் சொல்வார்கள். நடந்தது நேர்மாறு என்று உன் கடிதத்தில்தான் படித்தேன்.

உம்மா உன்னை அமானத்தாக, என்னை நம்பி, என்னிடம் ஒப்படைத்தார்கள். அந்த அமானத்தில் நான் செய்த முதல் தவறு இது. இரண்டாவது இதைவிடப் பெரியது.

அக்டோபர் 16, புதன்கிழமை. 9.10க்கு உன்னை உட்கார வைத்தேன். நீ அன்று சேட்டை. இரண்டு தடவை எழுந்தாய். நான் அதட்டினேன்: "நான் போதும்னு சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. அசைஞ்சா உம்மாவுக்குத்தான் கேடு." குழந்தையிடம் சொல்கிற பேச்சா? ஆனால் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் உள்ளே உம்மாவுக்கு மூச்சுத் திணறல். எதிர்வீட்டு மாசிலாமணி அண்ணன் ஆம்புலன்சுக்கு ஃபோன் செய்தார். ஸ்ட்ரெச்சர் உன்னைத் தாண்டித்தான் போனது. நானும் உன்னைத் தாண்டித்தான் ஓடினேன். கதவைச் சாத்தினேன். அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன், நீ எங்களோடு வந்துவிட்டாய் என்று அவர் நினைத்தார்.

நண்பகல் லுஹர் நேரத்தில் உம்மாவின் உயிர் பிரிந்தது. பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும்போது வீட்டைத் திறந்தேன். லைட் போடவில்லை. ஜன்னலில் வெளிச்சம் இல்லை. நீ அதே இடத்தில் அதே சம்மணத்தில் இருந்தாய். பாவாடை நனைந்து காய்ந்திருந்தது. கை கால் ஐஸ். என்னைப் பார்த்துக் கேட்டாய்: "போதுமா, லாத்தா?"

நான் பதில் சொல்லவில்லை. உம்மா போய்விட்டார்கள் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன், அதுவும் வரவில்லை. உன்னை அப்படியே அள்ளி எதிர்வீட்டில் கொடுத்தேன். மறுநாள் உனக்குக் காய்ச்சல். பிறகு நீ அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

அன்றைய வரியில் 9.10 இருக்கிறது. முடிவு நேரம் எழுதவில்லை. என் ஆயுளில் நான் முடிக்காமல் விட்ட கணக்கு அது ஒன்றுதான். எந்த நேரத்தை எழுதுவேன்?

உன்னைத்தான் தூக்கினேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்திரிக்கச் சொல்லாமல் தூக்கினேன் முனீரா. யாரைத் தூக்கினேன், யாரை அங்கேயே விட்டேன் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

ஹனீனை எங்கேயும் கொண்டுபோகாதே. தபால் வந்து நீ இதைப் படித்த பிறகுதான் உன் முகத்தில் என்னால் விழிக்க முடியும், அதனால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறேன். அதுவரைக்கும் இரண்டு பேரும் மாறி மாறி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். நீ கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நிற்பேன்.

ருக்கையா


தெம்பனிஸ்
25 ஜூன் 2025

லாத்தா,

எதிரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இதையும் கடிதத்திலேயே எழுதுகிறேன்.

நீங்கள் சலாம் சொல்லிவிட்டு உள்ளே வந்ததும் நான் ஹனீனைத்தான் காட்டினேன். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், வெயிலின் நட்டநடுவில் பார்த்தீர்கள். உங்கள் முகம் போன விதத்தில், அங்கே யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முட்டிவலியோடு தரையில் உட்கார்ந்தீர்கள். ஹனீனின் ஒரு கை என்னிடம் இருந்தது. மறு கை எதையோ பிடித்திருந்த மாதிரி மடங்கியிருந்தது. உங்கள் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை, சின்னப் பெண்ணின் குரல்.

"போதும்டா. எழுந்திரு. உம்மா போயிட்டாங்க. நீ அசைஞ்சதால இல்ல. நீ நல்லா உக்காந்திருந்தே, நான்தான் வரல."

பிறகு ஹனீன் கண்ணை மெதுவாக மேலே உயர்த்தினாள், பக்கத்தில் யாரோ எழுந்து நிற்பதைப் பார்க்கிற மாதிரி. தன்னளவு உயரத்துக்கு வந்ததும் கண் நின்றது. வெயில் குழாயை மூடியது போல் நின்றுபோனது. தரை வெறும் தரை. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியது. வலி இல்லை. டாக்டரிடம் சொல்ல இதற்கு எனக்கு வார்த்தை இல்லை.

நீங்கள் கீழே போகலாம் என்றீர்கள். லிஃப்டில் நாம் மூன்று பேரும் ஏறிய பிறகும் ஹனீன் பட்டனை அமுக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டே இருந்தாளே, நீங்கள் கவனித்தீர்களா? "விடும்மா" என்றேன். "வெயிட் லா, மம்மி. அவளுக்குக் கால் மரத்துப்போச்சு, ஸ்லோவா வர்றா." நீங்கள் சுவரோடு ஒதுங்கி இடம் விட்டீர்கள்.

திடலில் நீங்களே ஹனீனின் சட்டைக் கையை மடித்துவிட்டீர்கள். பிறகு, நாற்பத்திரண்டு வயதில், என் கையையும்.

இரண்டு காலை ஆகிவிட்டது. வெயில் வரவில்லை. ஹனீன் 9.10க்கு டிவிதான் பார்க்கிறாள், திட்டக்கூட மனசு வரவில்லை. சொட்டு மருந்து தருகிறேன். செப்டம்பரில் மறுபடி இரத்தம் பார்ப்பார்கள். என் மருந்துகளும் ஆயுசுக்கும் உண்டு. அதையெல்லாம் உங்கள் நோட்டு மாற்றாது என்று எனக்குத் தெரியும்.

நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் எழுதியது பொய்க் கணக்கு இல்லை.

முனீரா


பிடோக்
30 ஜூன் 2025, திங்கள்

என் முனீராம்மா,

நோட்டை இத்தோடு அனுப்புகிறேன். கனமான உறை, தபால் நிலையத்தில் உள்ளே என்ன என்று கேட்பார்கள். பழைய கணக்கு என்பேன்.

23ஆம் தேதி வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவி உளூ செய்து, இரண்டு ரக்அத் தொழுது, 1991 அக்டோபர் 16 வரியை முடித்தேன். 9.10 முதல் 9.30. அந்த 9.30க்குப் பக்கத்தில் தேதியும் போட்டேன், 23.6.2025 என்று. இடைப்பட்டதைக் கூட்டினேன், கூட்டாமல் இருக்க எனக்குத் தெரியாதே. முப்பத்து மூன்று வருஷம், எட்டு மாதம், ஏழு நாள், இருபது நிமிடம். கீழே, "கண்ணாடிக்கு உள்ளே. பிழை என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜூன் மாத வரிகளை நான் அழிக்கவில்லை. அவற்றுக்குப் பிறகு என் இளம் வயதுக் கை வரவில்லை.

சனிக்கிழமைதோறும் வருகிறேன். ஹனீனைக் கீழே கூட்டிப் போவது என் பொறுப்பு. கறுத்துப்போவாள் என்று இனி எவராவது என் காதுபட முனகினால், அவர்கள் படியிறங்கும் முன்னால் நான் பேசிவிடுவேன்.

இன்று காலை உறையில் வைப்பதற்காக நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு வார்த்தை இருக்கிறது. நேற்று இல்லை. உன் மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. வாசித்துவிட்டு, "சின்னப் புள்ள எழுத்து" என்று மட்டும் சொன்னார்.

"சுடுது" என்று எழுதியிருக்கிறது.

உன் இரண்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டு உன்னிடம் இருக்கிறதல்லவா? எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். பார்த்துவிட்டு எழுது. ஃபோனில் சொல்ல வேண்டாம்.

உன் லாத்தா